முதல் பெயரிலிருந்து

கணினியில் வேண்டாத மென்பொருள்களை அழிக்கும் கட்டளையை ஒத்திகையாக மட்டும் ஓட்டிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொள்கிறாள். எதுவும் இன்னும் அழியவில்லை. எவையெல்லாம் அழியும் என்ற பட்டியல் மட்டும் திரையில் நிற்கிறது. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிக்கிறாள், வகுப்பில் வருகை எடுப்பதுபோல.

மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் லினக்ஸ் கணினிகள் அவள் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பட்டியலக்கா என்று பெயர். கோபம் ஏற ஏற அவள் பேச்சில் 'சார்' கூடும். தொடர்ந்து மூன்று வந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள்.

இன்று காலை டிஸ்க் நிரம்பி, அறிக்கைகள் அச்சாகாமல் நின்றன. ஜன்னலுக்கு வெளியே கூட்டம். அதில் ஒரு பெண்ணின் கணவருக்கு அறுவை சிகிச்சை. அறிக்கை வந்தால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டார்.

"இன்னும் என்னம்மா படிக்கிற? வேண்டாததுன்னு அதுவே சொல்லுது. அழிச்சு விடேன்."

"அது ஆயிரம் சொல்லும் சார்."

இருபத்து மூன்றாவது பெயரில் நின்றாள். அச்சு இயந்திரத்தை இயக்கும் மென்பொருள்.

"போன வாரம் இதுலேர்ந்து கடிதம் அடிக்கிற ஆபீஸ் மென்பொருள யார் சார் எடுத்தது?"

"யாரும் தொடுறதே இல்லையேன்னு நான்தான்…"

"அது கூட ஒட்டிக்கிட்டு வந்ததுதான் சார் இந்தப் பிரிண்டர் சமாச்சாரம். கூட்டிட்டு வந்தவன் போயிட்டான், இனி இது அநாதைன்னு கம்ப்யூட்டர் நினைக்குது சார். அழிச்சிருந்தா வெளிய நிக்கிறவங்களுக்கு ரிப்போர்ட்ட வாயால சொல்லியிருப்பீங்களா சார்?"

இரண்டு நாற்காலிகள் காலியாயின.

அந்த மென்பொருளை 'வேண்டும் என்றே வைத்தது' என்று குறித்தாள். மறுபடி ஒத்திகை. மறுபடி முதல் பெயரிலிருந்து. கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலின் பழைய பதிப்புகள் நான்கு இருந்தன. இப்போது ஓடிக்கொண்டிருப்பது அவற்றில் இல்லை என்று இருமுறை சரிபார்த்தாள். அதன் பிறகே நிஜமாக அழித்தாள். அச்சு இயந்திரம் இருமிவிட்டு முதல் தாளைத் துப்பியது: அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவரின் அறிக்கை.

மேலாளர் அதை எடுத்து விசிறிக்கொண்டார். "பாத்தியா, ஒரு நிமிஷ வேலை. இதத்தான் அரை மணியா சொல்றேன்."

அவள் அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். அவர் கைக்கு எட்டும்படி மேசையிலிருந்த விசைப்பலகையையும் வயரோடு பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்ணைத் தேடிப் போனாள்.