பத்து மணிக்கு வந்த அழைப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் தொலைபேசிக்கு ஒரு பூட்டு இருந்தது. எண்களைச் சுழற்றும் தட்டின் ஓட்டையில் மாட்டிய, கட்டைவிரல் நகமளவு பித்தளைப் பூட்டு. சாவி பெரிய கிளாக்கரின் சட்டைப் பையில். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாம். இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது. நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் டிவிசனில் இருந்த நாற்பது குடும்பங்களுக்கும் அந்த ஒரே தொலைபேசிதான். "போன் வந்துதான் தோட்டத்துச் சனம் கெட்டுப்போச்சு" என்று இன்றைக்கு யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் பூட்டைப் பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக உட்கார்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு மணியடித்தது. கந்தப்பளையிலிருந்து, எங்கள் லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருந்த அக்காவின் தம்பி பேசினார். "அப்பாவுக்கு இன்னும் பேச்சு இருக்குங்க. அக்காவத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒடனே வரச் சொல்லுங்க." துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெரிய கிளாக்கரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார், மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினார், தன் வேலையைப் பார்த்தார். வழக்கம் அதுதான். மலையில் நிற்கும் ஆட்களுக்கு என்ன செய்தி வந்தாலும், அந்திக் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் சொல்வார்கள். முன்பே சொன்னால் ஒருத்தி போவாள், அவளோடு நாலு பேர் போவார்கள், கொழுந்து முற்றிவிடும் என்பது அவர்கள் நியாயம்.

ஜன்னல் வழியே ஏழாம் நம்பர் மலை தெரிந்தது. அக்கா அங்கேதான் கூடையோடு நின்றார். கால்மணி நேர நடை. சின்ன வயதில் என் அம்மா மலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு போட்டவர் அவர். நான் எழும்பவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறொன்றுமில்லை. நாலரை மணிக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்துச் சொன்னேன். அக்கா அழவில்லை. "எத்தன மணிக்குத் தம்பி போன் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பத்து மணிக்கு என்றேன். "பத்து மணிக்கா" என்றார். அவர் ஹட்டனுக்கு இறங்கும்போது கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் மதியம் கந்தப்பளை போய்ச் சேர்ந்தபோது, மகளைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த அந்த வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, கொழும்புக் கடையில் வேலை செய்த மகன் அக்காவுக்கு ஒரு கைத்தொலைபேசி கொண்டுவந்தான். யாரோ பாவித்த போன், எண்கள் பாதி அழிந்திருந்தன. லயம் பள்ளத்தில் கிடந்ததால் அங்கே சிக்னல் இல்லை. அக்கா அதைத் தலைக்கு மேலே பிடித்தபடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தோட்டம் முழுக்க நடந்தார். பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள். கடைசியில் சிக்னல் கிடைத்த இடம் ஏழாம் நம்பர் மலை. அன்றே நாற்பது வீட்டுக்கும் தன் நம்பரைக் கொடுத்தார். கொழும்பில், குவைத்தில், தலவாக்கலையில் யார் இருந்தாலும் இந்த நம்பருக்கே அடிக்கச் சொன்னார். அழைப்பு வந்தால் பாறை மேல் ஏறி ஒரு கூவல்; அடுத்த மலையில் நிற்பவர்கள் அதை வாங்கி அதற்கடுத்த மலைக்குக் கூவுவார்கள். ஆபீசுக்கும் வந்து, எல்லோர் முன்னிலையிலும் என் மேசையில் அந்த நம்பரை எழுதிய துண்டை வைத்தார். "தம்பி, இனிமே எங்களுக்கு எது வந்தாலும் இதுக்கு அடிக்கச் சொல்லுங்க" என்றார். பெரிய கிளாக்கர் தலையைத் தூக்கவேயில்லை.

ஒரு வாரத்தில் தடை வந்தது. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, மலைக்குப் போன் கொண்டுபோனால் பேர் போட மாட்டேன் என்றார் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பெரட்டு எழுத நானும் அங்கே நின்றேன். அக்கா கழுத்தில் தொங்கிய போன் பையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்கங்க ஐயா. அடிச்சா, யாருக்குன்னு கேட்டு அந்த நிமிசமே சொல்லணும். அந்தி வரைக்கும் வச்சிருக்கக் கூடாது." கண்டாக்கு சிரித்துக்கொண்டே அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

எட்டரைக்கு ஏழாம் நம்பர் மலையில் அது அவர் பைக்குள் அலறியது. கொழுந்தெடுத்த அத்தனை கைகளும் நின்றன. அவர் எடுத்துப் பேசிவிட்டுப் பையில் போட்டு, "வேலயப் பாருங்க" என்றார். ஒருத்தியும் அசையவில்லை. அக்காதான் கேட்டார்: "மணி அடிச்சது எங்க காதுலயும் விழுந்துச்சு ஐயா. என்ன சேதி?" ஆபீசில் அடித்த மணி யாருக்கும் கேட்டதில்லை, இது கேட்டுவிட்டது. மூன்றாம் நம்பர் மலையில் நிற்கும் ஒருத்தியின் மகளுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார் அக்கா. மனிதர் பள்ளம் இறங்கி மேடு ஏறினார். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு அழைப்புகள், இரண்டு மலைகள். சாப்பாட்டு நேரத்தில் வியர்க்க வியர்க்க வந்து போனை அக்காவின் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனார். தடையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த மலையில் இப்போது சிக்னல் கோபுரம் நிற்கிறது. போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நிறுக்கும் தராசுக்குள்ளேயே சிம் இருக்கிறதாம். கூடையை மாட்டியதும் எத்தனை கிலோ என்று அந்த நொடியே ஆபீசுக்குப் போய்விடுகிறதாம். இளம் உத்தியோகத்தர் ஒருவர் பெருமையோடு காட்டினார். கொழுந்தின் கனம் ஆபீசுக்கு இறங்க ஒரு நொடி. ஒரு தகப்பனின் கடைசி ஆசை அங்கிருந்து மலைக்கு ஏற ஆறரை மணி நேரம். அன்றைக்குக் கோபுரம் இல்லாததா குறை? இரண்டு கால் இருந்த நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

பழைய தொலைபேசியைக் கழித்தபோது அந்தப் பூட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். என் மேசையில்தான் கிடக்கிறது. அக்கா இப்போது மகனோடு ஹட்டனில் இருக்கிறார். மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது எனக்குப் போன் அடிப்பார். எப்போதும் காலை பத்து மணிக்கு. "சேதி ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான் அடிச்சேன்" என்பார். நான் எழும்பி நின்றுதான் பேசுவேன்.