மூன்றாவது மிதிக்குக் கல்லாகும் பிரேக்

"பிரேக்கில் பழுதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தத் தாளை வைத்துத்தான் ஒரு டிரைவரின் வேலையைப் பறிக்கப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போன எழுபதுகளில், பதுளையில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு மலையேற்றக் கார் ரேஸ் பைத்தியம். யாரோ நண்பர் சீமையிலிருந்து கொண்டுவந்த ரேஸ் கேம்ஷாஃப்டை, அதாவது எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, தூக்கி வந்து, "இதைப் போடு" என்றார். போட்டேன். மிதிக்காமல் ஐட்லிங்கில் விட்டால் கார் 'டுபுக் டுபுக்' என்று குலுங்கும். மிதித்தால் புலி. நான் பிரம்மாவாகிவிட்ட நினைப்பில் திரிந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். தோட்டத்து டிரைவர் செல்லமுத்து அண்ணன், துரையின் மனைவி துரைசாணியம்மாவை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது தேயிலைச் செடிக்குள் காரை விட்டுவிட்டார். அம்மாவின் நெற்றியில் ஒரு வீக்கம். கார் என்னிடம் வந்தது. கூடவே செல்லமுத்து அண்ணனும் வந்தார்.

"மொத ரெண்டு மிதிக்கு நிக்குதுங்க. மூணாவதுக்குக் கல்லு மாதிரி ஆயிருது. ஏறி நின்னாலும் எறங்க மாட்டேங்குது."

"ஏன் அண்ணே, பிரேக்குக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியுமா?" என்றேன். கராஜே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். பிரேக் ஷூ நன்றாக இருந்தது. பிரேக் குழாயில் காற்றுப் பிடித்திருக்குமோ என்று மூன்று தடவை ப்ளீட் செய்து வெளியேற்றினேன். ஹாலிஎலை வரை ஏறி இறங்கினேன். சத்தம் கேட்கும் ஆசையில் கியரை இறக்கி, எஞ்சினை உறுமவிட்டு ஓட்டினேன். பிரேக் பெருவிரலுக்கே நின்றது. துரை கேட்ட ரிப்போர்ட்டை எழுதினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தோட்டத்து ஆபீசில் டிரைவர் மேல் விசாரணை. காரை நானே கொண்டுவந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று துரை ஆளனுப்பினார். வழிகாட்ட வந்த செல்லமுத்து அண்ணன் பக்கத்துச் சீட்டில் வந்தார். பண்டாரவளை தாண்டியதும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"வேலை போனா தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் விடணுங்க. நாலு புள்ளைங்க."

எனக்கு உட்கார முடியவில்லை. சீட்டில் முள் இருப்பதுபோல் நெளிந்தேன். தோட்டத்துக் கேட்டைத் தாண்டி நிறுத்தினேன். அங்கிருந்து ஆபீசுக்கு ஆறு கொண்டை ஊசி வளைவு, எல்லாம் இறக்கம்.

"நீங்களே ஓட்டிக் காட்டுங்க அண்ணே. அந்த மூணாவது மிதியைப் பாத்துருவோம்" என்றேன், எகத்தாளத்தை விடாமல்.

அவர் ஏறி உட்கார்ந்ததும் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டார்.

"என்ன அண்ணே இது?"

"எறக்கத்துல நியூட்ரலுங்க. தொரையோட உத்தரவு. பெற்றோலு மிச்சம்."

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. மூன்றாவதில் அவர் கால் பெடலில் இருந்தது, கார் போய்க்கொண்டே இருந்தது. நான் இரண்டு காலாலும் தரையை மிதித்தேன். கதிர்காமத்துக்குக் காவடி நேர்ந்தேன். "முருகா"வில் தொடங்கி, படிக்காத பைபிள் வரை எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"மிதிக்கிறது நானுங்க, நீங்க எதுக்கு மிதிக்கிறீங்க?" என்றபடி அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மேட்டோரமாகக் காரை உரசி நிறுத்தினார்.

எனக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. அவரே வந்து திறந்துவிட்டார்.

பெட்டியிலிருந்து, உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்யூம் கேஜை எடுத்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மெனிஃபோல்டில் மாட்டினேன். பவர் பிரேக்குக்குப் பலம் எஞ்சின் உறிஞ்சும் காற்றிலிருந்துதான் வருகிறது. ஐட்லிங்கில் பதினெட்டு காட்ட வேண்டிய முள், ஏழில் நின்று காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. ரேஸ் கேமில் உள்ளிழுக்கும் வால்வும் வெளிவிடும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் சக்தியே இருக்காது. பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் சர்வோ டப்பாவில் தேங்கியிருந்தது இரண்டு மிதிக்குப் போதும், மூன்றாவதுக்கு வெறும் கால்தான். கியரில் இறங்கினால் எஞ்சின் சுழன்று உறிஞ்சிக்கொடுக்கும். நான் ஓட்டியது அப்படி. அவர் ஓட்டியது இப்படி. கேமைப் போட்ட கையால் கேஜையும் ஒரு தடவை மாட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பத்து மணிக்கு இன்னும் கால்மணி நேரம். உறிஞ்சலைச் சேர்த்துவைக்கும் பழைய லொறி வேக்யூம் டேங்க் ஒன்றைப் பிறகு கராஜில் சத்தமில்லாமல் மாட்டிவிடலாம், இப்போது வாயை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அந்தக் கால்மணியில் காரை ஒன்பது தடவை சுற்றி வந்திருப்பேன். அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மீதி மூன்று வளைவையும் கியரிலேயே இறங்கி ஆபீசுக்குப் போனோம். துரை என் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நீ எழுதினதுதானே? பிரேக் சரி?"

"நான்தான் சார் எழுதினேன். ஆனா தப்பு சார். கேமைப் போட்டதும் நான்தான், வேக்யூமைப் பாக்காம விட்டதும் நான்தான்." மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் 'நியூட்ரல்' என்ற சொல்லும் விழுந்துவிட்டது.

துரை அதைப் பிடித்துக்கொண்டார். செல்லமுத்து அண்ணன் பக்கம் திரும்பி, "நீ எதுக்கு நியூட்ரல்ல போட்டே?" என்றார்.

உத்தரவு போட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். விசாரணையை எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் கிளாக்கரும் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பழக்கமுங்க, தொரை" என்றார்.

துரையின் காது சிவந்தது. அண்ணன் மேல் எழுதியிருந்த குற்றத்தாளை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"போ. வேலையைப் பாரு. இனிமே எல்லா டிரைவரும் எறக்கத்துல கியர்லதான் வரணும்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்துச் சீட்டில் ஏறுங்கள். பயமாகத்தான் இருக்கும். பயமில்லாத சீட்டில் இருந்து நான் எழுதிய ஒரு வரி, நாலு பிள்ளைகளை லயத்திலிருந்து இறக்கிவிட இருந்தது.