பட்டுப்போன நாலு சவுக்கும் ஏழு சாதமும்

டப்...

காஞ்ச சவுக்கு கிளைய முட்டில வெச்சு ஒடைச்சா வர்ற சத்தம். தை மாசத்து காலைல, பாலவாக்கத்துல கடல் காத்து சில்லுனு அடிக்கும்போது நான் டெய்லி கேட்ட சத்தம். இன்னிக்கும் காதுலயே கீது ஃப்ரெண்ட்ஸ்.

வூட்டுக்குப் பின்னாடி எங்களுக்கு அர கிரவுண்டு சொந்த மனை. அதுல நாலு சவுக்கு மரம். பக்கத்துல அபார்ட்மெண்ட் கட்டறேன்னு மண்ண கொட்டி மேடாக்கிட்டானுங்க. மழத்தண்ணி பூரா எங்க பக்கம் தேங்கி, நாலும் நின்ன எடத்துலயே பட்டுப்போச்சு.

சும்மா வுட்டா கரையான் தின்னுடுமே... எனக்கு மனசு கேக்கல. காலைல ஆறு மணிக்கு ஸ்வெட்டர மாட்டிக்கினு எறங்கிடுவேன். கீழ விழுந்தத பொறுக்குவேன், எட்டற கிளைய கொக்கி போட்டு இழுப்பேன். ஒடைக்கும்போது 'டப்'புனு வந்தா அடுக்குல போவும். வளைஞ்சா இன்னும் ஈரம் கீது, தனியா வெயில்ல கெடக்கும். அடிமரத்த மட்டும் என் வூட்டுக்காரர் மணி ஞாயித்துக்கிழமைல பொளந்து குடுத்தாரு, மொணகிக்கினே. தண்ணி தேங்கற எடமாச்சேன்னு தரைல முட்டி ஒசரத்துக்கு செங்கல் அடுக்கி, அது மேல கட்டய வெச்சு, தார்ப்பாய் போட்டு மூடினேன். மாசி முடியறதுக்குள்ள என் ஒசரத்துக்கு வந்துடுச்சு.

தெருவே சிரிச்சிது. எங்க மச்சாண்டார், அதாவது மணியோட அண்ணன், கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி...

"இன்னாமா செல்வி, வூட்ல சிலிண்டர் கீது, இண்டக்சன் கீது. சுடுகாட்டுக்கு ஆர்டர் எடுக்கறியா?"

எனக்கு சுர்ருனு ஏறுச்சு. பெரியவராச்சேன்னு இன்னொரு கிளைய எடுத்து முட்டில வெச்சு ஒடைச்சேன்.

அந்த வருஷ டிசம்பர்ல அடிச்சுதுபா புயலு. திங்கக்கிழம ராவோட ராவா தெருவுல பாதி மரம் படுத்துடுச்சு. கரண்ட் கட். புக் பண்ண சிலிண்டர் வரல, இருந்த ஒண்ணும் புதன்கிழம தீந்துபோச்சு.

வெள்ளிக்கிழம என் நாத்தனார் தேவிக்கு வளைகாப்பு!

கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழிச்சு தங்குன கரு அது. ஒம்போதாம் மாசம். அந்த வெள்ளிய வுட்டா மார்கழி பொறந்துடும், நல்ல காரியம் பண்ண மாட்டோம். தை வர்றதுக்குள்ள கொழந்தையே வந்துடும். ஆறு வருஷமா மாமியார் வூட்ல எத்தினி பேச்சு கேட்டுருக்கா அந்தப் பொண்ணு... அவளுக்கு அன்னிக்கு வளையல் போட்டு, ஏழு சாதம் ஆக்கிப் போட்டே ஆவணும். கேட்டரிங்காரருக்கு ஃபோன் போட்டா, அவரு கிச்சன்லயே முட்டி அளவு தண்ணியாம். காசிமேட்டுலருந்து சம்பந்தி வூட்டுக்காரங்க வேன் புடிச்சு வர்றாங்க. எம்பது பேரு!

தார்ப்பாய் வேற புயல்ல பறந்து எங்கியோ போய்டுச்சு. "உன் கட்டலாம் ஊறிப்போயிருக்கும், வுடு"ன்னாரு மணி. அண்ணனும் தம்பியுமா தெருவுல விழுந்த தூங்குமூஞ்சி மரத்த வெட்டி இழுத்துக்கினு வந்தாங்க. வெள்ளிக்கிழம விடிகாலைல செங்கல் அடுப்புல வெச்சு, மண்ணெண்ண ஊத்தி பத்த வெச்சா...

பொகை. பொகைன்னா உங்க வூட்டுப் பொகை எங்க வூட்டுப் பொகை இல்ல. தெருவே இருமுது.

"யோவ், இது திங்கக்கிழம வரைக்கும் உசுரோட இருந்த மரம்யா! ஒடம்பு பூரா தண்ணி. எப்படி எரியும்?"னு மணிகிட்ட கத்திட்டேன்.

மச்சாண்டார் கண்ண தொடச்சிக்கினே, "ஃபோன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடலாம்"னாரு. உள்ள தேவி வாய பொத்திக்கினு அழுவறா. "எனக்குன்னு எதுதான் அண்ணி ஒழுங்கா நடந்துருக்கு?"ன்னா.

நேரா மனைக்குப் போனேன். மேல் வரிசைய தூக்குனேன், சொதசொதன்னு கீது. அடுத்த வரிசை, அதுவும் ஈரம். மருந்தீஸ்வரான்னு மூணாவது வரிசைல கைய வுட்டு ஒரு கிளைய உருவி, முட்டில வெச்சேன்...

டப்!

சத்தியமா சொல்றேன், நாதஸ்வரம் கேட்ட மாதிரி இருந்துச்சு. அடில போவ போவ ஒரே டப்பு டப்பு. ஊறவே இல்ல!

அதுக்கப்புறம் எவன் புடிக்கறது? மூணு அடுப்பு, தெரு பொம்பளைங்க அத்தினி பேரும் கரண்டிய தூக்கிக்கினு வந்துட்டாங்க. சவுக்கு கட்ட சும்மா திகுதிகுன்னு எரியுது. புளி சாதத்துல ஆரம்பிச்சு சக்கர பொங்கல் வரைக்கும் ஏழும் பதினோரு மணிக்குள்ள ரெடி. நம்ம மச்சாண்டார் வேட்டிய மடிச்சு கட்டி, தலைல கட்டய சொமந்துக்கினு மனைக்கும் அடுப்புக்கும் நடையா நடக்கறாரு. எனக்கு டெலிவரி பாய்! பாத்து சிரிச்சேன், அவ்ளோதான்.

தேவி கை நெறைய வளையலோட ஒக்காந்துருந்தா. சம்பந்தி அம்மா, எதுலயும் குத்தம் கண்டுபுடிக்கிற அந்தம்மா, புளி சாதம் ரெண்டாவது தபா கேட்டு வாங்குனாங்க. "எந்த கேட்டரிங்கு?"ன்னு வேற கேட்டாங்க. தேவி தலைய நிமிர்த்தி, "எங்க அண்ணி"ன்னா. எனக்கு அங்கியே கண்ணு கலங்கிடுச்சு. அது பொகை இல்லப்பா.

இப்ப அந்த மனைல வூடு கட்டியாச்சு. பைப்புல கேஸ் வருது, பால்கனில நாலு தொட்டிச் செடி. ஸ்வெட்டர் எங்க கீதுன்னே தெரியல. தேவி பொண்ணு நாலாங்கிளாஸ் படிக்கறா. படிக்கட்டுக்கு கீழ மட்டும் அந்த நாலு மரத்துல மிஞ்சுனத அடுக்கி வெச்சுருக்கேன். வூட்டுக்கு வர்றவங்கள்லாம் அத பாத்து சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

போன வாரம் டிவில புயல் எச்சரிக்கைன்னு சொல்லி முடிக்கல, ஃபோன் அடிக்குது. மச்சாண்டார்.

"செல்வி... கட்ட கீதாமா?"

"கீது மாமா"ன்னேன்.