இடது மணிக்கட்டு

டிப்பரரிப் பக்கம் பந்தய நாய் நொண்டினால் யாரும் முதலில் டாக்டரைத் தேடுவதில்லை. டின்னி ஹௌரிகனைத்தான் தேடுவார்கள். டின்னி படித்தவர் இல்லை. பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவர் வீட்டுக் கொட்டகை முன்னால் நாலைந்து கார்கள் வந்து நிற்கும். நாயை மேசைமேல் ஏற்றுவார்கள். டின்னி கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் தோளில் தொடங்கி நகம் வரை இறங்கும். "இங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. பிறகு குளிர்ந்த தண்ணீர், வெந்நீர், மூக்கைத் துளைக்கும் தைலம், அரை மணி நேரத் தேய்ப்பு. மூன்றாவது வாரம் நாய் மறுபடி ஓடும். கிறிஸ்துமஸ் வந்தால் விஸ்கி பாட்டில்கள் குவியும். மனுஷர் குடிக்க மாட்டார்; அக்கா பிரைடி அதையெல்லாம் கேக்கில் ஊற்றித் தீர்ப்பாள்.

பிரைடி புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்தவள். டின்னிக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த வீட்டின் மூன்றாவது ஆள் மேவ். சாம்பல் நிறப் பெண் நாய், ஒன்பது வயது, ஒருகாலத்தில் ஓடிப் பேர் வாங்கியவள். ஐந்து வயதில் பந்தயத்தை விட்டு அடுப்பங்கரைக்கு வந்தாள்; அதன்பின் சோபாவில் பாதி அவளுக்கு, மீதிதான் மற்ற இருவருக்கும்.

போன ஆகஸ்டில் மேவ் லேசாக நொண்டினாள். இடது முன்னங்கால். மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரு வீக்கம். டின்னி சிரித்தேவிட்டார். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட அது தெரியும்: ஓடுதளம் இடது பக்கமே வளைகிறது, வளைவில் நாயின் பாரம் முழுக்க இடது முன்னங்காலில் இறங்குகிறது, ஆகவே முதலில் போவது இடது மணிக்கட்டு. அவர் வாழ்க்கையில் ஆயிரம் இடது மணிக்கட்டுகளைச் சரிசெய்திருக்கிறார். தைலத்தை எடுத்தார். காலையும் மாலையும் தேய்த்தார். ஆறு வாரம் தேய்த்தார். மேவ் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரே ஒருமுறை அவர் கையை வாயால் கவ்வி, கடிக்காமல் விட்டாள்.

ஏழாவது வாரம் பிரைடி, தம்பி சொன்னதைக் கேட்காமல், அவரையும் மேவையும் டவுனில் இருந்த விலங்கு மருத்துவர் டூஹியிடம் கூட்டிப்போனாள். டூஹி சின்னப் பெண், நிதானமான குரல். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தாள். எலும்பு இருக்கவேண்டிய இடம் செல்லரித்த மரம்போல இருந்தது.

"புற்று. எலும்புக்குள்ளயே," என்றாள் டாக்டர். "நாங்க காலை எடுத்துடலாம். அப்புறம் நாலு தடவை மருந்து ஏத்தலாம். நாள் கிடைக்கும். ஆனா குணமாகாது."

"இது சுளுக்கு, டாக்டரம்மா. வளைவுச் சுளுக்கு," என்றார் டின்னி.

டாக்டர் கோபப்படவில்லை. "இவ கடைசியா எப்ப வளைவு எடுத்தா, டின்னி?"

மேவ் ஓடுதளத்தை மிதித்து நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடமாக சோபாவில் படுத்திருந்த நாய்க்கு வளைவுச் சுளுக்கு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை ஒரு சின்னப் பெண் கேட்கும்வரை அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை.

"ஆறு வாரம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார்.

"தெரியல," என்றாள் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத பெண். அந்த ஒரு சொல் டின்னியோடு வீட்டுக்கு வந்தது.

மேவ் மூன்று கால்களோடு திரும்பிய அன்றே ஒரு முயலும் வந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. நடுவில், எதையும் மேயாமல், வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பிரைடி சிலுவை போட்டுக்கொண்டாள். "இதுக்கு வேற புல்லே கிடைக்கலையா? கண்ணைப் பாரு, வரி வசூலிக்க வந்த மாதிரி." டின்னி கல்லெறிந்து பார்த்தார். முயல் பத்தடி தள்ளிப்போய் மறுபடி உட்கார்ந்தது. மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தது.

மேவ் ஜன்னலோரம் நின்று உடம்பெல்லாம் நடுங்குவாள். வலியால் இல்லை, ஆசையால். முயலைக் கண்ட பந்தய நாய்க்கு வேறு எதுவும் தெரியாது. பின்னங்கால் முறிந்தும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டு, பிறகுதான் விழுந்த நாய்களை டின்னி தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் அவளை வாரில்லாமல் வெளியே விட்டதே இல்லை. டாக்டர் வேறு சொல்லியிருந்தாள்: "பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும், இருமல் வருதான்னு பாருங்க. சில நேரம் இன்னொரு எலும்புக்குப் போகும். அப்படிப் போனா, ஓடுறப்ப பட்டுனு முறிஞ்சிடும்." முன்பக்கம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கால். அதை முறிய விடக்கூடாது. டின்னிக்கு அதற்குமேல் ஒரு வேண்டுதலும் இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீடே அந்த நாயைச் சுற்றித்தான் நடந்தது. வழுக்குகிற சமையலறைத் தரையில், தேவாலயம் கழித்துப்போட்ட பீடத்துச் சிவப்புக் கம்பளத்தை வெட்டி விரித்தார்கள். "ஆயர் வந்தாக்கூட இந்த மரியாதை கிடைக்காது," என்றாள் பிரைடி. மார்புக்கு ஒரு பட்டை, முதுகில் பிடி. அதைப் பிடித்துத்தான் டின்னி அவளை வாசற்படி இறக்குவார், காரில் ஏற்றுவார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்தேற்ற டவுனுக்குப் போனார்கள். வந்தபின் இரண்டு நாள் அவள் சாப்பிடமாட்டாள். டின்னி ரொட்டியைக் கோழிச்சாற்றில் ஊறவைத்து, மத்தி மீனைப் பிசைந்து, கரண்டியில் நீட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஆனால் கைவைக்கவில்லை. பட்டையைத் தொடுவார், கரண்டியைத் தொடுவார், நாயைத் தொடமாட்டார். தையல் போட்ட தோளைத் துடைப்பது, காதைச் சொறிவது, நகம் வெட்டுவது எல்லாம் பிரைடிதான். மேவ் தலையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தால் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொள்வார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, மார்ட்டி ஷீஹி தன் நாயோடு வந்து நின்றான். இடது மணிக்கட்டு.

"படம் எடுத்துப் பாரு," என்றார் டின்னி, கொட்டகையைத் திறக்காமலே.

"படமா? சினிமாவா பிடிக்கப் போறேன்? ஒரு நிமிஷம் தொட்டுப் பாரு, டின்னி."

"டூஹிகிட்ட போ."

"என்னப்பா, கைக்குத் துரு பிடிச்சிடுச்சா?"

"பிடிச்சிடுச்சு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மார்ட்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருப்பான் போல; அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காரும் வரவில்லை.

மார்ச் பிறந்தது. நாலு மருந்தும் முடிந்து, மேவ் சதை போட்டிருந்தாள். இருமல் இல்லை. ஊரே அதிசயம் என்றது. முயலுக்குத் துணையாக இன்னும் இரண்டு முயல்கள் வந்திருந்தன. அவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டன, பழைய முயல் மட்டும் வீட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டிருந்த டின்னி ஜன்னலோரம் நின்ற நாயைப் பார்த்தார். வலது முன்னங்காலின் பாதம் வெளிப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு விரற்கடைகூட இருக்காது. பிரைடி பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். டின்னி டீயைக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சில நேரம் பாதம் நேராக இருந்தது. அப்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மூன்றாம் நாள், பிரைடி கோழிக்குத் தீனி போடப் போனதும், சிவப்புக் கம்பளத்தில் மண்டியிட்டார். கண்ணை மூடினார். தோள், முழங்கை, கீழே. மணிக்கட்டுக்கு மேலே, ஒரு பட்டாணி அளவு இடத்தில், சூடு. வீக்கம் இல்லை, மேடு இல்லை. சூடு மட்டும். மேவ் அவர் கையை வாயால் கவ்வி, கடிக்காமல் விட்டாள்.

அன்றைக்கே டவுனுக்குப் போனார்கள். டாக்டர் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல."

டின்னி திரையில் விரலை வைத்தார். "இங்க."

அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். லேசாக ஒரு மங்கல். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"இருந்தா? முயலைப் பார்த்து ஒரு தாவு தாவினா தாங்குமா?"

"இருந்தா தாங்காது. அந்தக் காலையும் எடுக்க முடியாது, டின்னி. அது உங்களுக்கே தெரியும்."

"தாங்காதுன்னா, வெள்ளிக்கிழமை அந்தக் கடைசி ஊசியோட வீட்டுக்கு வந்துடுங்க," என்றார் டின்னி.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். "கட்டி வெச்சா சில வாரம் கிடைக்கும். வலிக்கு மாத்திரை தர்றேன்."

"நீங்க ஜன்னலைப் பார்த்ததில்ல, டாக்டரம்மா. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டே அவ ஓடுறா. ஒருநாள் கதவு திறந்திருக்கும்." நிறுத்தினார். "போன தடவை நான் ஆறு வாரம் காத்திருந்தேன்."

வீட்டில் பிரைடி தாண்டவமாடிவிட்டாள். தட்டை உடைக்காதது ஒன்றுதான் பாக்கி. "சாப்பிடுறா, வாலாட்டுறா, இருமல் இல்ல! படத்துலயே ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க! போன தடவை இந்தக் கைதானேடா பொய் சொல்லிச்சு? இப்ப அதே கையை நம்பி அவளைக் கொல்லப் போறியா?"

அதே கேள்வியை டின்னி அந்தக் காலில் கைவைத்த நொடியிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். கை தப்பாக இருந்தால், நன்றாக இருக்கும் நாயைத் தானே அனுப்பிவைத்தவர் ஆவார். கை சரியாக இருந்து அதை அவர் நம்பாமல் விட்டால், ஒருநாள் காலை அந்தப் புல்வெளி நடுவில் அவள் அலறிக்கொண்டு கிடப்பாள். இரண்டில் எதைச் செய்தாலும் அது இந்தக் கையின்மேல்தான் விழும்.

வியாழக்கிழமை முழுக்க அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், டாக்டர் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, டின்னி அக்காவின் கையைப் பிடித்தார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தவிர அவர்கள் கைபிடித்துக்கொள்கிற ஜாதி இல்லை. அவளை நாய் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் விரலை வலது காலில் வைத்தார்.

"கண்ணை மூடு, அக்கா. அவசரப்படாத. மேல வெச்சுப் பாரு. இப்ப கீழ."

பிரைடி கண்ணை மூடினாள். விரல் இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. திரும்ப மேலே போய், திரும்ப இறங்கி, அதே இடத்தில் நின்றது. கண்ணைத் திறக்காமலே அழத் தொடங்கினாள். பிறகு எழுந்துபோய், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த பன்றித்தொடையை முழுசாக எடுத்துவந்து நாய் முன்னால் தரையில் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, மேவ் ஜன்னலுக்குப் போனாள். முயல் இருந்தது. நடுக்கம் காதில் தொடங்கி வால்வரை ஓடியது. டின்னி அவள் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஐந்து மாதத்தில் முதல்முறையாக, பட்டையைப் பிடிக்காமல், இரண்டு கைகளையும் அவள் உடம்புக்குக் கீழே கொடுத்து, அப்படியே மார்போடு தூக்கினார். அறுபத்தெட்டு வயது முதுகு முனகியது. பிரைடி கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே வெயில், காற்று. டின்னி புல்லில் நடந்தார். முயல் பார்த்துக்கொண்டே இருந்தது. முப்பதடி, இருபதடி. இவ்வளவு பக்கத்தில் அது அவர்களை வரவிட்டதே இல்லை. நாயின் இதயம் அவர் விலா எலும்பில் இடித்தது. வீட்டுக்குப் பின்னால், சந்து திரும்பும் இடத்தில், டாக்டரின் கார் வரும் சத்தம் கேட்டது.

முயல் எழுந்தது. ஓடியது.

மேவும் ஓடினாள். அவர் கைகளுக்குள்ளேயே, காற்றில், மூன்று கால்களாலும் ஓடினாள். நகம் அவர் சட்டையைக் கிழித்தது, தலை முன்னால் நீண்டது, வாயிலிருந்து அவள் பந்தய நாட்களில் போட்ட அந்தச் சின்னச் சத்தம் வந்தது. டின்னி விழாமல் இருக்கக் காலை அகட்டி ஊன்றி, அவளை இறக்கிவிடாமல், இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த வலது காலை மட்டும் ஒரு கை பட்டும் படாமலும் ஏந்தியிருந்தது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முயல் வேலியைத் தாண்டிப் போய்விட்டது. மேவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.