தொட்டிக்குள் மாட்டிக்கொண்டேன்

அமராவதிபுதூரில் நாற்பது வருஷம் தேக்குக் கதவு இழைத்த ஆசாரி நான். வயது அறுபத்தாறு. "சர்க்கரை வரப்போற கட்டத்துல இருக்கீக. நடந்தா மட்டும் பத்தாது, கை காலுக்கு பலம் ஏத்துற பயிற்சியும் செய்யணும்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. இழைப்புளி பிடித்த கைக்குப் பயிற்சியா என்று சிரித்துவிட்டு வந்தேன். தொழிலை விட்டு ஆறு வருஷம் ஆனதை நினைக்கவே இல்லை.

போன மாதம் ஒரு காலையில், தரைக்குக் கீழே கட்டிய தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கினேன். என் தலைக்கு மேல் ஒரு சாண் ஆழம். எப்போதும் விளிம்பைப் பிடித்து எம்பி ஏறிவிடுவேன். அன்றைக்கு எம்பினால் உடம்பு பாதிகூட மேலே வரவில்லை. மறுபடி எம்பினேன். கை தாங்காமல் வழுக்கி விழுந்தேன்.

மறுநாள்தான் வரும் என்று நினைத்த குழாய்த் தண்ணீர் அப்போது குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்தது. வால்வு மேலே இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

நெஞ்சுக்குத் தண்ணீர் வந்தபோது, சந்தைக்குப் போன மனைவி திரும்பி வந்தாள். "அய்யோ, உள்ள என்ன செய்றீக!" என்று அலறி, வால்வை மூடிவிட்டு, நான் செய்த முக்காலியை உள்ளே இறக்கினாள். மிதந்ததைக் காலால் அழுத்தி, அதில் ஏறித்தான் வெளியே வந்தேன்.

இப்போது வீட்டில் ஆள் இல்லாமல் தொட்டிப் பக்கம் போவதில்லை. தினமும் சுவரில் கை ஊன்றித் தள்ளுகிறேன். அதே முக்காலியில், கை ஊன்றாமல், பத்து தடவை உட்கார்ந்து எழுகிறேன். குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் நெஞ்சு இன்னும் படபடக்கிறது. அப்படிக் கேட்கிற நாளில் மட்டும் பதினைந்து தடவை.