நான் போலி என்று சொன்ன இரண்டு படங்கள்

ஒரு வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணம் இரண்டு படங்கள். ஒன்று, பல லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு விண்கலம் எடுத்தது; பூமிக்கு முன்னால் நிலவு கடந்து போகிறது. இன்னொன்று, பல ஆண்டுகளுக்கு முன் குன்னத்துகாலில் ஒரு பெண் தன் வீட்டுக்கு முன்னால் நிற்பது. இரண்டையும் போலி என்று சொன்னவன் நான். முதல் படத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. இரண்டாவதில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த வேலை போயிற்று. நான் எழுதிய வரி அவள் கோப்பில் இன்றும் இருக்கிறது. அதை நீக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

சான்றிதழ் வழங்கும் மேசையிலேயே தலை நரைத்தவன் நான். போலியைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. எல்லைக் கிராமங்களில் அந்தத் திறமைக்கு வேலை குறைவில்லை. அண்ணன் வீடு தமிழ்நாட்டில், தம்பி வீடு கேரளத்தில், நடுவில் ஒரு வாழைத்தோட்டம் என்று இருக்கும் ஊர்கள் இவை. என் அலுவலகம் கேரளப் பக்கம்; கேரளத்து இருப்பிடச் சான்றிதழ் வேண்டிய தமிழ்நாட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். சிலர் அந்தச் சிரமமும் படாமல் ஸ்டுடியோவிலேயே வெட்டி ஒட்டி வாங்கி வருவார்கள். அப்படி மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன். அதன்பிறகு நான் ஓய்வு பெறும் வரை அலுவலகத்தில் எந்தப் படம் வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும்.

நிலவின் படம் என் செல்போனுக்கு வந்தபோது பாறசாலைச் சந்திப்பில் ஒரு டீக்கடையில் இருந்தேன். பக்கத்தில், அதே சந்திப்பில் நெடுங்காலம் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பர். ஸ்டுடியோவை மூடிவிட்டார், வாயை மூடவில்லை.

“இது ஒட்டு வேலையாக்கும்,” என்றேன்.

“எதை வச்சு சொல்லுதீரு?”

சொன்னேன். வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. நிலவு அழுக்குப் பிடித்த சாம்பல் உருண்டை மாதிரி இருக்கிறது. நாம் பார்க்கிற வெள்ளை நிலவு எங்கே? அதன் விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இருக்கிறது. எங்கேயும் நிழல் இல்லை. ஒரு ஓரத்தில் பச்சைக்கோடு வேறு, ஒட்டியவன் சரியாகத் துடைக்கவில்லை.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

“சாரே, பூமி வெயிலில நிக்குது. வெள்ளை மேகம் வேற. அதுக்குத் தக்க கேமராவைக் கண்ணிமைக்குத நேரம் தெறந்தா, நட்சத்திரத்துக்கு வெளிச்சம் பத்தாது. ராத்திரி தெருவிளக்குக்குக் கீழ ஆளைப் படம் எடுத்தா மேல நட்சத்திரம் விழுமா?”

“நிலா?”

“நிலா தார் ரோடு மாதிரி கறுப்பாக்கும். கரி இருட்டில தனியா நிக்கதுனால வெள்ளையாத் தெரியுது. பூமிக்குப் பக்கத்தில கொண்டு நிறுத்தினா அதுக்க குட்டு வெளிப்பட்டுப்போவும். அங்க காத்து கெடையாது, புகைமூட்டம் கெடையாது, பின்ன விளிம்பு வெட்டினது மாதிரி இல்லாம எப்பிடி இருக்கும்? சூரியன் கேமராவுக்க முதுகுக்குப் பொறத்த நிக்கான். ஃபிளாஷ் அடிச்சது போல. நிழல் எல்லாம் அந்தப் பக்கம் விழும், நமக்குத் தெரியாது.”

“பச்சைக்கோடு?”

“செவப்பு, பச்சை, நீலம்னு ஒண்ணுக்குப் பொறவு ஒண்ணா மூணு படம் எடுத்து சேக்கியான். அதுக்குள்ள நிலா கொஞ்சம் நகந்துபோச்சு. ஒட்டுதவன் இப்பிடிக் கோடு விடமாட்டான் சாரே. கள்ளப்படம் இதைவிட அழகா இருக்கும்.”

எனக்கு வாதத்தில் தோற்பது பழக்கமில்லை. ஆனால் ‘ஃபிளாஷ் அடிச்சது போல’ என்ற இடத்திலேயே என் மனம் வேறெங்கோ போய்விட்டது. வெளிறிப்போன ஒரு வீடு. முன்னால் வெட்டி வைத்ததுபோல ஒரு பெண். முகத்தில் நிழலே இல்லை. குறிப்பில் நான் எழுதியது வரிக்கு வரி நினைவிருக்கிறது: பெண்ணின் மேல் வெளிச்சம் முன்னாலிருந்து விழுகிறது, வீட்டின் மேல் உச்சியிலிருந்து விழுகிறது, வானத்துக்கு நிறமே இல்லை, எனவே படம் ஐயத்துக்குரியது.

“குன்னத்துகால்ல, தமிழ் டீச்சர் வேலைக்கு இருந்த ஒரு பொண்ணுக்கு நீரு படம் எடுத்ததுண்டா?” என்று கேட்டேன்.

“அது இப்பத்தான் ஓர்மை வருதா?” என்றார். “நட்ட உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்கு, வீட்டுக்கு விளிச்சிட்டுப் போனா. அவ பலாமரத்து நிழல்ல, வீடு வெயில்ல. முகம் தெரிய ஃபிளாஷ் அடிச்சேன். வீடு வெளிறிப் போச்சு, வேற வழியில்ல. நீரு தள்ளின அன்னைக்கு எனக்க கடையில வந்து நின்னு அழுதா.”

“அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே.”

“நீரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு. நான் ஸ்டுடியோக்காரன். கள்ளப்படம் எடுத்தவனே சாட்சி சொல்ல வந்திட்டான்னு எழுதியிருப்பீரு.”

எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நடக்க ஆரம்பித்தேன். முன்வாசலிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து முன்வாசல். மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், “ஏதாவது களைஞ்சு போச்சா? சொன்னா நானும் தேடுவேன்லா,” என்றாள்.

படத்தைச் சந்தேகித்தது தவறில்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஐயம் வந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த அலுவலகத்தில் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மழை. குன்னத்துகாலுக்குப் பேருந்து மாறிப் போகவேண்டும். நாற்காலியிலிருந்தே தீர்ப்பெழுதினேன்.

நான்காம் நாள் போனேன். பேருந்தில் இரண்டு முறை இருக்கை மாறினேன். தேவாலயத்துக்குப் பின்னால் வீடு. பலாமரம் அதே இடத்தில். ஓட்டுக்கூரைக்கு நல்ல சிவப்பு நிறம். படத்தில் அது வெறும் வெள்ளையாக இருந்தது.

அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து இருக்கும். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“உங்க படம் உண்மையானதுதான்,” என்றேன். நிலவைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“சாரு நிலா வரைக்கும் போய்ட்டு வந்தாக்குமா எனக்க வீட்டைக் கண்டது?” என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

“அந்த ஸ்கூல் வேலை போச்சு, போவட்டும். இப்ப பாலராமபுரத்தில ஜவுளிக்கடையில கணக்கு எழுதுதேன். ஆனா எனக்க மகளுக்கு காலேஜுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்டா, உங்க கோப்பைத் தூக்கிட்டு வந்து காட்டுதாவ. அம்மைக்க படத்தில சந்தேகம் உண்டுன்னு எழுதியிருக்காம். அவ இந்த வீட்டில பெறந்த பிள்ளை. மாசக்கடைசிக்குள்ள கொடுக்கணும்.”

“நான் எழுதித் தாறேன்.”

“சீல்?”

இல்லை. ஓய்வு பெற்றவன் தன் பழைய குறிப்பைத் திரும்பப் பெறுவதற்குப் படிவமும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைத்தாளில் எழுதினேன். நேரில் வந்து பார்த்தேன், வீடு இருக்கிறது, படம் அசலானது, அன்று விசாரணை செய்யாமல் எழுதியது என் பிழை. கடைசி வரியை எழுத அதிக நேரம் பிடித்தது. அவள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“நீங்க இங்க வந்ததுக்குத் தெளிவு வேணும்லா, சாட்சிக்கு ஒரு படம். பலாமரத்துக்குக் கீழ நில்லுங்க,” என்றாள்.

நின்றேன். மணி பன்னிரண்டு கடந்திருந்தது. செல்போனைத் தூக்கிப் பார்த்தாள், முகம் சுளித்தாள்.

“முகம் கறுப்பா விழுது சாரே. ஃபிளாஷ் போடட்டா?”

“போடுங்க.”

மறுநாள் இருவரும் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போனோம். என் பழைய மேசையில் இப்போது ஒரு பெண். என் தாளைப் படித்தாள். பிறகு படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்; நான் திருப்புகிற அதே மாதிரி. வெளிறிய வீடு, வெள்ளை வானம், அதன்மேல் ஒட்டிவைத்ததுபோல நான்.

“சாரே, இது எடிட் செய்ததா?”

என்னோடு வந்தவள் என்னைப் பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

“சந்தேகம் இருந்தா நேரில போய்ப் பாக்கணும்னு விதி உண்டு,” என்றேன். “தள்ளுததுக்கு முன்ன.”

வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். வருகிற தேதியையும் வருபவர் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டேன். இன்று திங்கள். வானிலை அறிவிப்பில் வியாழனன்று மழை என்கிறார்கள். காலையிலிருந்து நான்கு முறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டேன்.