எட்டாவது பெட்டி

கம்பமெட்டு மலைப்பாதையில் இரண்டாம் நம்பர் ஜீப் உருண்டுவிட்டது என்று சேதி வந்தபோது, யுவராணி தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பஞ்சம்மாளும் காலையில் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போயிருந்தாள். மூன்று ஜீப்பில் எதில் ஏறினாள் என்று தெரியவில்லை. போனைப் போட்டால் போகவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவளே இவள்தான். இருபது வருசம் அம்மா மலையேறிப் படிக்கவைத்த பெண். எந்த ஜீப்பில் யார் போகிறார்கள் என்று பதிகிற ஆப்பைப் போன வாரம் ஜீப் ஸ்டாண்டுக்கு எழுதிக் கொடுத்தவள். கூட்டல் குறியைத் தொட்டால் புதிதாக ஒரு பெட்டி முளைக்கும். அதில் ஒரு பெயர். பத்துப் பேருக்குப் பத்துப் பெட்டி. மகராசி, ஒற்றைப் பெயரைப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டாள். முளைக்கிற பெட்டிக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரே அடையாளப் பெயரை வைத்திருந்தாள். அவள் எழுதிய புரோகிராம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கடைசிப் பெட்டி மட்டும்தான் திரும்பிப் பார்க்கும். மற்ற ஒன்பதும் அநாதை. பதிவைத் திறந்து பார்க்கிற நாள் இன்றைக்குத்தான் வந்தது. ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினாள். முப்பது வீட்டுச் சனமும் அங்கே மழையில் நின்றது. பள்ளத்தில் யார் யாரைத் தேடுவது என்று போலீஸ்காரர் பேனாவோடு கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் பதிகிற சண்முகராஜ், ஆப்பை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று போனில் விரலை வைக்கப் போனார்.

"அண்ணே, மூடிறாதீக! மூடுனா அம்புட்டும் போயிரும்."

அடுத்த ஜீப்புக்கு இடம் விட வேண்டுமென்று, முடிந்த ஜீப்பின் பெட்டிகளைத் திரையிலிருந்து மறைக்கச் செய்தவளும் இவளே. மறைந்தாலும் ஆப் மூடும்வரை அவை உள்ளே உயிரோடுதான் கிடக்கும். லேப்டாப் ஒயரை அவர் போனில் செருகினாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அடித்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலையே வேண்டாம். பெட்டிகளெல்லாம் ஒட்டியிருக்கிற பலகையிடமே போய், உன்மேல் எத்தனை இருக்கிறது, ஒன்றொன்றாகக் காட்டு என்று கேட்டாள். காட்டியது.

இரண்டாம் நம்பர் ஜீப்பின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு அலறியது. எட்டாவது ராமுத்தாய். அவள் புருசன் சுருளியாண்டி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்தும் முடிந்தது. பஞ்சம்மாள் இல்லை. அப்பாடா என்று வந்த மூச்சை யுவராணியால் அடக்க முடியவில்லை. சுருளியாண்டியைப் பார்த்ததும் அந்த மூச்சு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காய்ச்சலில் கண் சிவந்து, ராமுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். விடியுமுன் மலைக்குக் கிளம்பியவள், முடியாமல் வழியில் அக்கா வீட்டிலேயே படுத்துவிட்டாளாம். சுருளியாண்டி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை; யுவராணியைத்தான் பார்த்தாள்.

"எம்பேர்ல உங்கம்மால்ல ஏறுச்சு, ஆத்தா. முட்டிவலின்னு போன மாசமே அது சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டாக. ஒனக்குத் தெரிய வேணாம்னுச்சு."

ஆப் எழுதும்போதே சண்முகராஜ் சொல்லியிருந்தார்: ஒருத்திக்கு முடியாவிட்டால், சீட்டு பறிபோகாமலிருக்க அவள் பெயரில் இன்னொருத்தி ஏறுவாள். இருட்டில், படுதா போட்ட ஜீப்புக்குள்ளிருந்து சொல்கிற பெயரைத்தான் நான் பதிவேன். எவள் பெயரில் எவள் ஏறுகிறாள் என்பதற்கும் ஒரு பெட்டி வை தாயி என்று. ஏறுகிறவர்கள் அவரவர் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே என்று சிரித்தவள் இந்தப் படித்த மகள்.

போலீஸ்காரர் பட்டியலை மடிக்கப் போனார். யுவராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டாவது பேரை அடிச்சிருங்க சார். பஞ்சம்மாள்னு எழுதுங்க. வயசு அம்பத்தெட்டு."